பழைய காரைச் சுவரில் கனமான அலமாரி மாட்டலாமா?

கேள்வி இது. மாயவரம் பக்கத்தில் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு, தொண்ணூறு வயதை நெருங்குகிறது. சமையலறைச் சுவர் பதினாலு அங்குலக் கனம். அம்மாவின் எவர்சில்வர், பித்தளைப் பாத்திரங்களுக்காக மூன்றடி அகலம், இரண்டடி உயரம், ஓரடி ஆழத்தில் பிளைவுட் அலமாரி செய்தாயிற்று. ஆசாரி துளை போட்டு பிளாஸ்டிக் பிளக் அடித்து ஸ்க்ரூ முடுக்கினார். ஸ்க்ரூவோடு பிளக்கும் சுற்றியது. இழுத்தால் ஒரு கைப்பிடி வெள்ளைப் பொடியோடு வெளியே வந்துவிட்டது. "இந்தச் சுவர் இனி எதையும் தாங்காது, இடித்துவிட்டு சிமென்டில் கட்டுங்கள்" என்று அவர் சொல்லிவிட்டார். அது சரிதானா என்று கேட்கிறீர்கள்.

இடிக்க வேண்டாம். தயவுசெய்து இடிக்க வேண்டாம். அந்தச் சுவர் தொண்ணூறு வருஷமாக உத்திரத்தையும் மேல்தளத்தையும் கூரை ஓடுகளையும் சுமந்து நிற்கிறது. உங்கள் அலமாரியின் எடை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அது சுமந்ததெல்லாம் மேலிருந்து கீழே அழுத்தும் பாரம். உங்கள் ஆசாரி கேட்டது வேறு: ஒரு விரல் நீளத் துளைக்குள் ஒரு பிளக்கை இறுகப் பிடித்துக்கொள், அதை வெளியே இழுத்தாலும் விடாதே என்று. காரைச் சுவருக்குத் தாங்கத் தெரியும், பிடித்துக்கொள்ளத் தெரியாது. இந்த ஒன்றை மனதில் வைத்து வேலையைத் திட்டமிட்டால் உங்கள் அலமாரி தாராளமாக நிற்கும்.

முதலில் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். பதினாலு அங்குலம் என்றால் அது ஒன்றரைக் கல் சுவர். ஒன்பது அங்குல நாட்டுச் செங்கல்லும் நாலரை அங்குலமும் சேர்ந்து பதிமூன்றரை, மீதி பூச்சு. செங்கல்லைச் சுண்ணாம்பும் மணலும் கலந்த காரையில் கட்டியிருப்பார்கள். சில வீடுகளில் காரையோடு செங்கல் தூளான சுர்க்கியைச் சேர்த்திருப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரை ஊற்றிக் குழைத்ததும் உண்டு. செலவைக் குறைக்க நினைத்தவர்கள் உள்ளே வெறும் மண் சாந்தில் கட்டி, மேலே மட்டும் சுண்ணாம்பு பூசினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

வித்தியாசத்தைத் துளைத் தூளே சொல்லிவிடும். டிரில்லில் 5 மி.மீ. பிட் போட்டு, ஹேமர் விசையை அணைத்துவிட்டு, மெதுவாக உள்ளே போங்கள். கீழே ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடியுங்கள். முதலில் வெளிறிய தூள் வரும், அது பூச்சு. பழைய சுண்ணாம்புப் பூச்சு அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரைக்கும் இருக்கும், சில இடத்தில் அதற்கு மேலும். அப்புறம் சிவப்புத் தூள் வந்தால் பிட் செங்கல்லில் இருக்கிறது. சிவப்பே வராமல் வெள்ளையாகவே கொட்டிக்கொண்டிருந்தால் இரண்டு கல்லுக்கு நடுவில் உள்ள காரைச் சந்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். பழுப்பாக, ஈர மண் வாசனையோடு வந்தால் அது மண் சாந்து. திடீரென்று பிட் தானாக உள்ளே ஓடினால் பொள்ளல். உங்கள் ஆசாரியின் துளையில் வந்தது வெள்ளைப் பொடி என்கிறீர்கள். அப்படியானால் அவர் பிளக் அடித்தது பூச்சிலும் காரைச் சந்திலும். செங்கல்லை அது தொடவே இல்லை. சுவரைக் குறை சொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை.

ஹேமரை அணைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நாட்டுச் செங்கல் காளவாயில் ஒரே சீராக வெந்திருக்காது. நடுவில் வெந்த கல் மணி மாதிரி ஒலிக்கும், ஓரத்தில் இருந்த கல் பிஸ்கட் மாதிரி உடையும். கான்கிரீட்டுக்கு ஹேமர் அடிப்பதுபோல இதில் அடித்தால், 10 மி.மீ. துளை உள்ளே 14 மி.மீ. குழியாகிவிடும். சில சமயம் கல்லின் பின்பக்கம் தெறித்துவிடும். வெளியே பார்த்தால் வட்டமான துளை, உள்ளே பிடிமானமே இருக்காது. வெறும் சுழற்சியில், கூரான புதிய பிட்டில், பொறுமையாகப் போட்டால் துளை அளவாக வரும். கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

சரி, எடைக்கு வருவோம். 18 மி.மீ. பிளைவுட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 12 கிலோ. நீங்கள் சொன்ன அளவில் பெட்டி, கதவு, ஒரு தட்டு, பின்பலகை, கீல் எல்லாம் சேர்த்து சுமார் 25 கிலோ வரும். பித்தளை அடுக்கும் எவர்சில்வரும் வைத்தால் 55 கிலோ சுலபமாக ஏறிவிடும். மொத்தம் 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், வளர்ந்த ஓர் ஆள் எடை.

இந்த 80 கிலோ சுவரிடம் இரண்டு வேலை கேட்கிறது. ஒன்று, கீழே இறங்காமல் பிடி. இன்னொன்று, மேல் விளிம்பு சுவரைவிட்டு முன்னால் சாயாமல் இழுத்து வை. முதல் வேலை முழு 80 கிலோ. இரண்டாவது எவ்வளவு? பாரத்தின் நடுப்புள்ளி சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கிறது. மேல் பிடிமானத்துக்கும் அலமாரியின் கீழ் விளிம்புக்கும் இடையே சுமார் 50 செ.மீ. எண்பதைப் பதினைந்தால் பெருக்கி ஐம்பதால் வகுத்தால் 24 கிலோ. மேலே நாலு போல்ட் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஆறு கிலோ இழுவைதான். பயந்த அளவுக்கு இல்லை, பாருங்கள்.

ஆனால் ஆழத்தைக் கூட்டினால் கதை மாறும். அதே அலமாரியை இரண்டடி ஆழத்தில் செய்தால் எடையும் இரட்டிக்கும், நடுப்புள்ளியும் இரு மடங்கு தள்ளிப் போகும். இழுவை நாலு மடங்காகி, 96 கிலோவில் போய் நிற்கும். அதனால்தான் பழைய சுவரில் மாட்டும் அலமாரி ஓரடி ஆழத்தைத் தாண்டக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். உயரம் கூடுவது நல்லது, ஆழம் கூடுவது ஆகாது.

இந்தக் கணக்கை நான் கற்றுக்கொண்டது ஒரு விபத்துக்குப் பிறகுதான். திருவையாற்றில் என் பெரியம்மா வீட்டுச் சமையலறையில் இதே போன்ற அலமாரி. மாட்டியவர் கான்கிரீட்டுக்குப் போடும் விரியும் ஆங்கர் போல்ட் நாலு போட்டு நன்றாக முடுக்கியிருந்தார். இரண்டு வருஷம் நின்றது. ஒரு நாள் விடியற்காலையில் மொத்தமும் கீழே. நல்லவேளை, அடுப்பருகே யாரும் இல்லை. போய்ப் பார்த்தால் போல்ட் ஒன்றுகூட வளையவில்லை. மேலிருந்த இரண்டு போல்ட்டும் அரை அரைச் செங்கல்லைக் கவ்விக்கொண்டு, கல்லோடு வெளியே வந்து கிடந்தன. அந்த வகை போல்ட், முடுக்க முடுக்கத் துளைக்குள் விரிந்து பக்கவாட்டில் நெருக்கும். கான்கிரீட் அந்த நெருக்கலைத் தாங்கும். வேகாத நாட்டுச் செங்கல் மாட்டிய அன்றே உள்ளுக்குள் கீறிவிடும். அப்புறம் கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு அதிர்வுக்கும் அந்தக் கீறல் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். பழைய வீட்டில் விரியும் ஆங்கர் போல்ட்டைக் கையில் எடுக்காதீர்கள். எத்தனை பெரிய போல்ட்டாக இருந்தாலும் சரி.

நம் முன்னோர் இந்தச் சுவர்களில் கனத்தைத் தொங்கவிட்டதே கிடையாது என்பதையும் கவனியுங்கள். விளக்குக்கு மாடம் வேண்டும் என்றால் கட்டும்போதே மாடக்குழி விட்டார்கள். பாத்திரத்துக்குச் சுவர் கனத்துக்குள்ளேயே அலமாரி. கனமான அண்டாவும் குண்டானும் பரணில். வெண்ணெயும் தயிரும் உறியில், அந்த உறியும் உத்திரத்திலிருந்து தொங்கியது. சட்டை மாட்டும் முளையைக்கூடக் கல் வைக்கும்போதே பதித்து, மேலே வரும் வரிசைகளின் பாரம் அதை அழுத்திப் பிடிக்கும்படி செய்தார்கள். பிற்காலத்தில் வந்த கடப்பைக் கல் தட்டும் அதே தத்துவம்தான். கல்லின் ஒரு விளிம்பு சுவருக்குள் இருக்கும், மேலே உள்ள சுவர் அதை மிதித்துக்கொண்டு நிற்கும். உங்கள் வீட்டுச் சமையலறையிலும் பழைய மாடமோ, அடைத்துவிட்ட சுவர் அலமாரியோ இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். இருந்தால் அதைத் திறந்து உள்ளே தட்டு போடுவதைவிட நல்ல வழி வேறில்லை.

இல்லையென்றால் நான் சொல்லும் வழி இதுதான். இரண்டு வேலையையும் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். எடையைத் தாங்க அலமாரிக்கு அடியில் ஓர் இரும்பு எல்-ஆங்கிள், 5 மி.மீ. கனம், பூச்சின் கனத்தையும் பின்னால் விடும் இடைவெளியையும் தாண்டி அலமாரிக்கு அடியில் நன்றாக நீளும் அளவில், அலமாரியின் முழு அகலத்துக்கும். அலமாரி அதன்மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். சாயாமல் இழுத்து வைக்க மேலே ஒரு பட்டை, உள்பக்கம் அலமாரியின் பின்பலகைக்கு மேல் ஓரமாக வரும்படி. அந்தப் பின்பலகை 6 மி.மீ. தகடாக இருந்தால் அதை நம்பாதீர்கள். மேலே உள்ளே ஒரு தேக்கு ரீப்பரை, அதாவது மரச் சட்டத்தை, இரண்டு பக்கப் பலகைகளோடும் சேர்த்து முடுக்கி, போல்ட் அந்த ரீப்பர் வழியாகப் போகச் செய்யுங்கள். சுவர் உறுதியாக இருந்தும், பின்பலகை கிழிந்து விழுந்த அலமாரிகளைப் பார்த்திருக்கிறேன்.

இந்த இரண்டு கோடுகளையும் ரசமட்டம் வைத்துச் சுவரில் குறித்துக்கொண்ட பிறகு, பெரும்பாலோர் தயங்கும் ஒரு காரியத்தைச் செய்யச் சொல்வேன். அந்தக் கோடு நெடுக நாலு அங்குல அகலத்துக்குப் பூச்சை எடுத்துவிடுங்கள். அலமாரிக்குப் பின்னால் மறைந்துவிடும் இடம்தானே. கீழ்க் கோட்டை மட்டும் பிறகு பூசிக்கொள்ளலாம். உளியும் சின்னச் சுத்தியலும் போதும், கட்டர் வேண்டாம். இதனால் இரண்டு லாபம். முதலாவது, செங்கல் கண்ணுக்குத் தெரியும். எது கல், எது சந்து, எது வெந்த கல், எது விரலால் சுரண்டினாலே உதிரும் கல் என்று பார்த்துத் துளைக்கு இடம் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவது லாபம் இன்னும் பெரியது. ஆங்கிள் நேரடியாகச் செங்கல்மேல் படியும். ஒரு அங்குலப் பூச்சுக்கு மேல் ஆங்கிளை வைத்தால், போல்ட் அந்த ஒரு அங்குலத்துக்கும் ஆதரவில்லாமல் அந்தரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். பாரம் ஏற ஏற பூச்சு நசுங்கும், போல்ட் மெல்லத் தலை குனியும், அலமாரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

பூச்சை எடுத்ததும் கற்களைக் கவனியுங்கள். சில கற்கள் ஒன்பது அங்குல நீளப் பக்கத்தைக் காட்டிப் படுத்திருக்கும். சில, நாலரை அங்குல முனையை மட்டும் காட்டும். முனை காட்டும் கல் சுவருக்குள் ஒன்பது அங்குலம் போயிருக்கிறது. இழுத்தால் அவ்வளவு சீக்கிரம் வராது. மேல் பட்டைக்கு முடிந்தவரை அந்தக் கற்களையே தேர்ந்தெடுங்கள். துளை கல்லின் நடுவில் இருக்கட்டும். பக்கத்துப் பக்கத்துக் கல்லில் இரண்டு துளை போடாதீர்கள், ஒரு கல்லாவது விட்டுப் போடுங்கள்.

இனி போல்ட்டை எப்படிப் பதிப்பது. மூன்று வழி உண்டு. சுவரின் மறுபக்கம் உங்களுடைய அறையாகவே இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு முதல் வழியைச் சொல்வேன்: சுவரை முழுக்கத் துளைத்து, 12 மி.மீ. த்ரெட் ராடை (நெடுக மரை போட்ட இரும்புக் கம்பியை) அந்தப் பக்கம் வரை விட்டு, பின்னால் நாலு அங்குலச் சதுர இரும்புத் தகடு வைத்து நட் போடுவது. தகடு அந்தப் பக்கச் செங்கற்களை அழுத்துகிறது. இழுவை என்பதே இல்லாமல் போய், எல்லாம் அழுத்தமாக மாறிவிடுகிறது. சுவருக்குத் தெரிந்த மொழி அது. பின்பக்கம் பூச்சில் தகடு கனத்துக்குக் குழி எடுத்து, துரு பிடிக்காமல் ரெட் ஆக்ஸைடு அடித்து மூடிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. மறுபக்கம் வெளிச்சுவரானால் மழை நீர் துளை வழியாக இறங்காமல் அடைக்க வேண்டும். வெளிப்பக்கம் துளை கொஞ்சம் தாழ்ந்திருப்பதுபோல் போடுவது உதவும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உங்கள் வீடு அக்கிரகாரத்திலோ தெருவோடு தெருவாக ஒட்டிய வரிசையிலோ இருந்தால், பக்கச் சுவர் பொதுச் சுவராக இருக்கக்கூடும். பக்கத்து வீட்டுக்காரர் உத்திரமும் அதே சுவரில் உட்கார்ந்திருக்கலாம். அந்தச் சுவரை முழுக்கத் துளைக்கக் கூடாது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்து, சொல்லிவிட்டு, குறைந்த ஆழத்தில்தான் வேலை செய்ய வேண்டும்.

இரண்டாவது வழி எந்த ஊர்க் கொத்தனாருக்கும் தெரிந்தது, ஆனால் இதற்குப் பயன்படுத்த யாருக்கும் தோன்றுவதில்லை. கதவு நிலையைச் சுவரோடு கட்ட ஹோல்ட்ஃபாஸ்ட் போடுகிறோமே, அதுதான். முனை காட்டும் செங்கல் ஒன்றைப் பக்கத்துக் கல் அசையாமல் எடுத்துவிட வேண்டும். உள்ளே குழி வாயைவிட அகலமாக இருக்கும்படி கொஞ்சம் சுரண்ட வேண்டும். வால் இரண்டாகப் பிளந்த இரும்புப் பட்டையில் 12 மி.மீ. போல்ட்டைப் பட்டறையில் வெல்டிங் செய்து வாங்கி, அதைக் குழிக்குள் நிறுத்தி, சிமென்ட் ஒன்று, மணல் இரண்டு, சிப்ஸ் ஜல்லி நாலு என்ற கணக்கில் கலந்த கான்கிரீட்டால் இறுக்கிக் குத்தி நிரப்ப வேண்டும். வாய் குறுகி வயிறு பெருத்த அந்தக் கட்டி வெளியே வர வழியே கிடையாது. பத்து நாள் ஈரச் சாக்கு போட்டுப் பதமாக வைத்திருந்து அப்புறம் பாரம் ஏற்றலாம்.

இதில் எல்லோரும் தவறு செய்யும் இடம் ஒன்று. குழியை முந்தின நாளே நன்றாக நனைக்க வேண்டும். காய்ந்த பழைய செங்கல் தண்ணீரைப் பஞ்சு மாதிரி குடிக்கும். நனைக்காத குழியில் சிமென்ட் கலவை போட்டால், அது இறுகுவதற்கு முன்பே கல் அதன் தண்ணீரை உறிஞ்சிவிடும். கலவை கெட்டிப்படாமல் மாவாகவே நின்றுவிடும். "துளையில் சிமென்ட் அடைத்து ஸ்க்ரூ போட்டேன், அதுவும் வந்துவிட்டது" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். இன்னொன்று, எல்லாக் கல்லையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். ஒன்றை எடுத்து, நிரப்பி, இறுகவிட்டு, அடுத்ததற்குப் போங்கள். உத்திரம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் கீழே ஒரு கல்லையும் தொட வேண்டாம்.

மூன்றாவது வழி, பசை ஆங்கர். கெமிக்கல் ஆங்கர் என்று ஹார்டுவேர் கடையில் குழாயாகக் கிடைக்கும். துளைக்குள் இரண்டு கூறுள்ள பசையைச் செலுத்தி, த்ரெட் ராடைச் சுழற்றிச் செருகினால் இறுகிவிடும். விரிந்து நெருக்குவதில்லை, செங்கல்லின் நுண்துளைகளுக்குள் ஊறி ஒட்டிக்கொள்கிறது. அதனால் கல் உடையாது. உள்ளே பொள்ளல் இருந்தால் பசை எங்கோ ஓடிப்போகும். அதைத் தடுக்க வலைச் சல்லடை போன்ற ஓர் உறை கூடவே விற்பார்கள். பழைய சுவரில் அந்த உறை இல்லாமல் போடாதீர்கள். ஹோல்ட்ஃபாஸ்ட் குழியை நனைக்கச் சொன்னேன், இங்கே விதி அதற்கு நேர் எதிர்: துளை காய்ந்திருக்க வேண்டும், தூள் துளிகூட இருக்கக் கூடாது. ஊதி, பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி ஊத வேண்டும். தூளோடு பசை போட்டால் பசை தூளைத்தான் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது. முதலில் வரும் நாலு விரல்கடைப் பசையை, நிறம் ஒரே சீராகும் வரை, வெளியே விட்டுவிடுங்கள். இறுகும் நேரம் குழாயின் மேலேயே அச்சிட்டிருக்கும். அதற்கு முன் நட்டைத் தொட வேண்டாம். செங்கல்லுக்குள் மட்டும் குறைந்தது நாலு அங்குலம் ராடு போயிருக்க வேண்டும், பூச்சைக் கணக்கில் சேர்க்காமல்.

உங்கள் வீட்டுக்கு என் தேர்வு: மறுபக்கம் உங்கள் கூடமாக இருந்தால் மேல் பட்டைக்கு முழுத் துளை போல்ட் இரண்டு, கீழ் ஆங்கிளுக்குப் பசை ஆங்கர் நாலு. பொதுச் சுவராக இருந்தால் மேலே ஹோல்ட்ஃபாஸ்ட் கட்டி மூன்று. பழைய எலக்ட்ரீஷியன்கள் அடித்த மரக்கட்டையை மட்டும் தவிர்க்கவும். சுவிட்ச் பலகைக்கு அது போதும், 80 கிலோவுக்கு ஆகாது. டெல்டாவின் ஈரத்தில் அந்தக் கட்டையைக் கரையான் எப்போது காலி செய்தது என்றே தெரியாது.

அடுத்து ஈரம். உங்கள் பக்கத்தில் நிலத்தடி நீர் மேலே இருக்கும். பழைய அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு இருக்காது. அதனால் சுவரின் கீழ் மூன்று நாலு அடிக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்திருக்கும். உங்கள் அலமாரி அதற்கு மேலே வருவதால் அவ்வளவு கவலையில்லை. ஆனால் சுவரின் உச்சியைப் பாருங்கள். கைப்பிடிச் சுவரில் அரசஞ்செடி முளைத்திருக்கிறதா, மழைக்குப் பின் மேலிருந்து ஈரத் தடம் இறங்குகிறதா? இறங்கினால் முதலில் அதைச் சரி செய்துவிட்டுத்தான் அலமாரி. ஈரத்தில் ஊறிய காரை கையால் கிள்ளினாலே வரும்.

இதையொட்டி இன்னொன்று சொல்ல வேண்டும். அடுத்து வரும் யாராவது, "மொத்தச் சுவருக்கும் சிமென்ட் பூசிவிட்டால் ஸ்ட்ராங் ஆகிவிடும், அப்புறம் எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம்" என்பார். நம்பாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். மேலே சிமென்ட் தோல் போட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, காரையையும் கல்லையும் உப்பாக அரிக்கும். தட்டினால் கெட்டியாகத் தெரியும், உள்ளே பொக்கையாக இருக்கும். ஏற்கெனவே சிமென்ட் பூசிய பழைய சுவர்தான் மாட்டுகிறவரை அதிகம் ஏமாற்றும். முதல் அரை அங்குலம் டிரில்லே ஏறாது, அதைப் பார்த்து நல்ல சுவர் என்று நினைத்துச் சின்ன பிளக்கோடு விட்டுவிடுவார்கள். நீங்கள் எடுத்த பூச்சையும் சுண்ணாம்பிலேயே மறுபடி பூசச் சொல்லுங்கள்.

அலமாரியின் பின்பலகைக்கும் சுவருக்கும் இடையே அரை அங்குல இடைவெளி இருக்கட்டும். போல்ட்டுகள் வரும் இடத்தில் மட்டும், பட்டையும் கல்லும் படும்படி, இடையில் கனத்த வாஷர்களோ இரும்புத் துண்டோ கொடுத்து இறுக்குங்கள். காற்று போய் வந்தால் பின்பலகை பூஞ்சணம் பிடிக்காது, கரையான் மண் ஏற்றினாலும் டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம்.

மின்கம்பியை மறக்காதீர்கள். பழைய வீடுகளில் முதலில் மரக் கேசிங்கில் சுவருக்கு மேலே ஓடிய வயரை, பின்னால் யாரோ ஒருவர் சுவரை வெட்டி உள்ளே புதைத்திருப்பார், எந்தக் கணக்கும் இல்லாமல் குறுக்கும் நெடுக்குமாக. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் பக்கவாட்டிலும் துளை போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் மெயினை அணைத்துவிட்டு, பக்கத்து அறை ஃபியூஸிலிருந்து எதையும் இழுக்காமல், பேட்டரி டிரில்லில் வேலை செய்யுங்கள்.

மாட்டும் முன் சோதனை. அலமாரி இல்லாமல், கீழ் ஆங்கிளையும் போல்ட்டுகளையும் மட்டும் முதலில் பொருத்துங்கள். ஆங்கிளுக்கு அடியில் சுவரில் ஒரு மெல்லிய பென்சில் கோடு. ஆங்கிளில் கயிறு கட்டி 25 கிலோ அரிசி மூட்டைகளைத் தொங்கவிடுங்கள், ஒவ்வொன்றாக, ஆறு மூட்டை, 150 கிலோ. ஏறக்குறைய உங்கள் பாரத்தின் இரு மடங்கு. மூட்டை தரைக்கு நாலு விரல் மேலே இருந்தால் போதும், விழுந்தாலும் சேதமில்லை. ஓர் இரவு விட்டுவிட்டுக் காலையில் கோட்டைப் பாருங்கள். ஆங்கிள் கோட்டைவிட்டு இம்மியும் நகரவில்லை என்றால் அலமாரியை ஏற்றலாம். நகர்ந்திருந்தால் எந்த போல்ட் என்று தட்டிப் பார்த்து, அதை எடுத்துவிட்டு ஹோல்ட்ஃபாஸ்ட் போடுங்கள்.

பூச்சை எடுத்துப் பார்க்கும்போது உள்ளே மண் சாந்து தெரிந்தால், அல்லது கற்கள் கையால் ஆட்டினாலே ஆடினால், மாட்டும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். அறையைப் பிரிக்கும் நாலரை அங்குல அரைக்கல் சுவருக்கும் இதே பதில்தான். அப்போதும் அலமாரி வீணாகாது. இரண்டு பக்கமும் தரை வரை இரண்டு தேக்குக் கால் கொடுத்து, அடுப்பு மேடையின் மேலோ தரையிலோ நிற்க வையுங்கள். எடை முழுவதும் காலில் இறங்கிவிடும். சுவரிடம் கேட்பது சாயாமல் பிடிக்கும் அந்த 24 கிலோவை மட்டும்தான். அதற்குப் பத்து மி.மீ. கனமும் ஐந்து அங்குல நீளமுமான நைலான் பிளக் இரண்டு, கல்லில் சரியாக இறங்கியிருந்தால் போதும். எனக்கு உண்மையில் இந்த வடிவம்தான் அதிகம் பிடிக்கும். திருவையாற்றில் விழுந்த அலமாரியைக் கடைசியில் இப்படித்தான் நிறுத்தினோம், இன்றைக்கும் நிற்கிறது.

பாத்திரம் அடுக்கும்போது அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள்: பித்தளை எல்லாம் கீழ்த்தட்டில், சுவரை ஒட்டி. டம்ளர், டிபன் பாக்ஸ் முன்னால். முதல் வாரம் பாதி மட்டும் வைக்கட்டும். அந்தப் பென்சில் கோட்டை அழிக்காமல் வைத்திருந்து, ஐப்பசி மழை முடிந்து சுவர் நன்றாக ஊறியிருக்கும் கார்த்திகையில் மறுபடி ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். நட்டுகளை ஸ்பேனரால் லேசாகத் தொட்டுப் பாருங்கள், தளர்ந்திருந்தால் கால் சுற்று மட்டும் முடுக்கினால் போதும். வேலை தொடங்கி, பூச்சை எடுத்ததும் கல் எப்படித் தெரிகிறது என்று எழுதுங்கள். எந்தக் கல்லில் துளை போடலாம் என்று சேர்ந்தே பார்த்துச் சொல்கிறேன்.